நான்காம் பக்கத்து வரி

அறிக்கையின் முதல் மூன்று பக்கங்களில் பெரியவர் பெர்கோவுக்கு ஒரு குறையும் தென்படவில்லை. பாலத்தின் நீளம், அகலம், மழைக்காலத்தில் ஓடை ஏறும் உயரம், ஒரு நாளைக்குப் போய்வரும் வண்டிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நகராட்சி எழுத்தர் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் படித்து, பிறகு எல்லாருக்கும் புரிய ட்வி மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையின் நடு நாற்காலி பெர்கோவுடையது. யாரும் ஒதுக்கித் தந்ததில்லை. அவர் வந்தால் அது காலியாகிவிடும், அவ்வளவுதான்.

நான்காம் பக்கத்துக்கு வந்ததும் எழுத்தர் அதே குரலில் சொன்னார்: "பாலம் முதலில் கட்டப்பட்டபோதே வேலை தரக்குறைவு. தண்ணீருக்குள் இருக்கும் தூண்களின் அடிப்பகுதியில் இரும்புக் கம்பி போடப்படவில்லை."

சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். மண்டபம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அந்தக் கம்பியெல்லாம் எங்க போச்சாம்?" என்று பின்னாலிருந்து கிழங்கு விற்கும் பெண் ஒருத்தி கேட்டாள்.

"எங்க போகும்? டாப்பா வீட்டு மாடிக்குத்தான். பாலம் கட்டின வருஷம்தானே அவங்க வீட்டுல மாடி ஏறுச்சு."

"அதான் அந்த வீட்டுல இன்னிவரைக்கும் ஒரு விரிசல் இல்ல."

சிரிப்பு நாற்காலி நாற்காலியாகத் தாண்டி முன்வரிசைக்கு வந்தது. பெர்கோ திரும்பிப் பார்க்கவில்லை. எழுபத்தாறு வயதில் கழுத்தைத் திருப்பிச் சில்லறைப் பேச்சுக்கு முகம் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

குமாசி நகரின் தெற்கு ஓரத்தில், அசுபென் ஓடைமேல் அந்தப் பாலத்தைக் கட்டியவர் மூப்பர் டாப்பா. பெர்கோவின் தாய்மாமா. கொத்தனாராகத் தொடங்கி ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர், கிறிஸ்தவ சபையின் முதல் மூப்பர். ஆலயத்து வாசல் கல்லில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. அவர் போனபிறகு தாய்வழி வழக்கப்படி வீடும் நிலமும் குடும்பத் தலைமையும் சகோதரி மகனான பெர்கோவுக்கு வந்தன. கூடவே அந்தப் பெயரும் வந்தது. வீடு ஒழுகினால் ஓடு மாற்றலாம், பெயர் ஒழுகினால் என்ன செய்வது என்பதுதான் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் கவலை.

போர்த்தியிருந்த துணியை இடது தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"புதுப் பாலத்துக்குக் கிழக்குக் கரையில பன்னெண்டு அடி நிலம் வேணும்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கீங்க. அது எங்க குடும்ப நிலம். கையெழுத்து போட வேண்டியவன் நான். நாலாம் பக்கத்துல இருக்கற அந்த வரி போகாம இந்தக் கை பேனாவைத் தொடாது."

மேடையில் தலைமை வகித்த அட்டாவுக்கு வியர்த்தது. அவன் வட்டாரத்தின் நகராட்சி உறுப்பினன், போன தேர்தலில் புதுப் பாலம் என்று சொல்லியே ஜெயித்தவன். பெர்கோவின் தங்கை மகனும் அவன்தான். நாளைக்கு அந்தக் குடும்பத் தலைமை வந்து சேரப்போவது அவனிடம்தான்.

"மாமா, உக்காருங்க. இது வெறும் விளக்கக் கூட்டம்."

"நானும் விளக்கத்தான் நிக்கறேன். எங்க டாப்பா மாமா குடிச்சதில்ல. அடுத்தவன் பொருளைத் தொட்டதில்ல. ஓடைப் பூசாரி வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்ல. கர்த்தருக்குப் பயந்து கட்டின பாலம் அது."

"அப்ப அவருக்குக் கம்பிமேல மட்டும்தான் பசி" என்றது பின்வரிசை.

மறுவாரம் அவர் பொறியாளர் அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் அம்மா வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் தடவை அறிக்கை அச்சுக்குப் போயிருப்பதாகவும் அதனால் யாரும் எதுவும் பேச முடியாது என்றும் சொன்னார்கள். அறிக்கை அச்சுக்குப் போனால் மனிதர்களின் வாயையுமா கூடவே அனுப்பிவிடுவார்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். மூன்றாம் தடவை பொறியாளர் டன்சோ இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காலணியில் சேறு காய்ந்திருந்தது.

"ஐயா, அந்த வரியை எடுத்தா பாலமே போயிடும்."

"பாலம் ஏற்கெனவே போயிட்டுத்தானே இருக்கு?"

"அப்படி இல்லைங்க. எங்க துறையில ரெண்டு பட்டியல் இருக்கு. பழுது பாக்கறது ஒண்ணு, மாத்திக் கட்டறது ஒண்ணு. அடிப்பகுதி ஆரம்பத்துலயே சரியில்லன்னு இருந்தாதான் மாத்திக் கட்டற பட்டியல்ல ஏறும். அந்த வரி இல்லன்னா பழுதுப் பட்டியலுக்கு இறங்கிடும். ரெண்டு சட்டி சிமெண்ட் பூசி, கைப்பிடிக்கு வெள்ளையடிச்சுட்டுப் போயிடுவாங்க."

"அப்ப எங்க மாமா திருடனா இருந்தாதான் உங்களுக்குப் பாலம் வரும்."

"திருடன்னு நாங்க எங்கயும் எழுதலையே."

"கம்பி இல்லன்னு எழுதி, இருநூறு பேர் முன்னால படிச்சா, மீதியை அவங்களே எழுதிக்குவாங்க."

டன்சோ இரண்டு கையாலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கருவியில தெரிஞ்சதை உறுதிபண்ண, தூணுல துளை போட வியாழக்கிழமையா பாத்து ஆள் வெச்சுட்டேன். நான் கடற்கரைப் பக்கத்துக்காரி, எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை ஓடைச் சாமிக்கு ஓய்வாம், ஒருத்தன் இறங்கமாட்டேன்னுட்டான். மூணு வாரம் போச்சு. ஓடை வாரத்துக்கு ஒரு நாள் லீவு போடுது. நீங்க கையெழுத்துக்கே மொத்தமா லீவு போட்டுட்டீங்க. நான் யார்கிட்ட போய் வேலை வாங்கறது?"

பெர்கோவுக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்படுவதற்குத் தோதான ஆள் ஒருவர்கூட அந்த அலுவலகத்தில் இல்லை.

அதற்குள் மேற்குப் பக்கத்துத் தூண் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. வண்டிகள் போகக்கூடாது என்று பாலத்தின் இரண்டு முனையிலும் சிமெண்ட் நிரப்பிய பீப்பாய்களை வைத்துவிட்டார்கள். ட்ரோட்ரோ வேன்கள் அங்கேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பின. சனங்கள் கிழங்கு மூட்டையையும் வாழைத்தாரையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நடக்கும்போது சும்மா நடக்கவில்லை. டாப்பா வீட்டு வாசலைத் தாண்டும் இடத்தில் மட்டும் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது, அதுவும் உள்ளே கேட்கிற மாதிரி. வேன் நடத்துநர்கள் அந்த நிறுத்தத்துக்குப் புதுப் பெயரே வைத்துவிட்டார்கள். "கம்பியில்லா, கம்பியில்லா, இறங்கறவங்க வாங்க" என்று காலை ஆறு மணிக்கே கத்துவார்கள். பெர்கோ அப்போது மாடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

அட்டா நாள்தோறும் வந்து கெஞ்சினான்.

"மாமா, நேத்து ஒரு பிள்ளைத்தாச்சியைப் பாலத்துமேல நடத்தித்தான் கூட்டிட்டுப் போனாங்க. அந்தப் பக்கம் போய் வேன் ஏறுறதுக்குள்ள வலி வந்துடுச்சு."

"குழந்தை நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. ஆனா அதுக்குக் கம்பின்னு பேர் வைக்கலாமான்னு கேக்கறாங்க."

"போடா வெளியே."

பிறகொரு திங்கட்கிழமை அட்டாவோடு டன்சோவும் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு மர உருளையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒருவழியாகத் துளை போட்டுவிட்டார்களாம். தூணின் நடுவில் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கிடைத்தது அதுதான். 'ஓடும்' என்று அங்கே சொல்கிற காட்டு மரம். அறுபது வருஷம் தண்ணீரில் இருந்தும் நகத்தால் கீறினால் நகம்தான் வலித்தது.

"ஒவ்வொரு தூணுக்குள்ளயும் தொடை கனத்துல நாலு கட்டை நட்டு, சுத்திலும் கான்கிரீட் போட்டிருக்காங்க. இன்னொண்ணு, மேல்தளத்தைக் கருவி வெச்சுப் பாத்தோம். அங்க தேவைக்கு ரெண்டு மடங்கு கம்பி இருக்கு. கீழ போடவேண்டியதையும் சேத்து மேலயே போட்டிருக்காங்க. அந்தக் கனம்தான் தூணை அழுத்தி இறக்கியிருக்கு. கம்பி எங்கயும் போகலைங்க ஐயா. ஆனா ஒரு கொத்தனார் ஏன் இப்படிச் செய்வார்னுதான் எனக்குப் புரியல."

அட்டாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போதும் மாமா. இதை எழுதிட்டா ஒரு வாயும் பேசாது."

"காரணம் இல்லாம எழுத முடியாது" என்றாள் டன்சோ. "கட்டினவர் குடும்பம் காரணத்தை எழுதிக் கையெழுத்து போட்டா, வரியை மாத்திடலாம். பாலமும் மாத்திக் கட்டற பட்டியல்லயே இருக்கும்."

பெர்கோ மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் அவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த வீடு எது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

அனானே ஓடைப் பூசாரி. பெர்கோவும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் ஓடைக் கோயிலில் பறையடித்ததற்காக, சபையின் பெயரில் பெர்கோ நகராட்சிக்கு எழுதிப்போட்டார். முப்பது வருஷமாகப் பேச்சு இல்லை. மறுநாள் காலை அந்த வாசலில் போய் நின்றபோது அனானே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"உக்காரு பெர்கோ. தண்ணி குடிக்கிறியா, இல்ல எங்க வீட்டுத் தண்ணிக்கும் சபையில கேட்டுட்டுத்தான் வரணுமா?"

"குடிக்கிறேன். எங்க மாமா எதுக்குத் தூணுல மரம் வெச்சார்?"

"ஓடைத் தண்ணிக்குள்ள இரும்பு ஆகாது. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவர் எதுக்கு அதைக் கேக்கணும்?"

அனானே கடலைத் தோலை ஊதினார். "ஊர்ல பாதிப்பேர் அப்ப எங்க பக்கம். தண்ணியில இரும்பை நட்டா அந்தப் பாலத்துல ஒருத்தன் நடக்கமாட்டான்னு உங்க மாமாவுக்குத் தெரியும். விவரமான மனுஷன். நேரா எங்க அப்பாகிட்ட வந்தார். தண்ணிக்கு மேல இரும்பு எவ்வளவு வேணா போட்டுக்கோ, தண்ணிக்குள்ள கூடாதுன்னு பேசி முடிச்சாங்க. இதோ நீ உக்காந்திருக்கற இடத்துலதான். அப்புறம் ஒரு கிடா கொண்டுவந்தார். கயிறை அவரே பிடிச்சுட்டு நின்னார்."

"மூப்பர் டாப்பாவா?"

"மூப்பர் டாப்பாதான். சபைக்குத் தெரியவேணாம்னு கேட்டுக்கிட்டார். எங்க அப்பா சரின்னார். அன்னிக்கு மண்டபத்துல நீ எங்க வாசலைப் பத்திப் பேசினியே, நான் மூணாவது வரிசையில இருந்தேன். சனம் உங்க மாமாவைத் திருடன்னு சொல்லிச் சிரிச்சுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லல. வாக்குக் கொடுத்த வீடு எங்களோடது."

பெர்கோ தண்ணீரைக் குடித்து முடித்தார். ஒரு குடும்பத்தின் மானத்தை இத்தனை வருஷமாகக் காவல் காத்தது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தவருக்கு அந்த டம்ளரைக் கீழே வைக்கக் கொஞ்சம் நேரமானது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் அனானே. "புதுப் பாலத்துக்கு இரும்புத் தூண்தான் இறக்கப் போறாங்களாம். ஓடைக்கிட்ட கேக்கணும். முதல்ல வாக்குக் கொடுத்த குடும்பம்தான் வந்து கேக்கணும். ஒரு கிடா, ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயம். கயிறு உன் கையில."

"நான் சபை மூப்பன்."

"அவரும்தான்."

வீட்டுக்கு வந்து அட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"திருடன்னு சொல்றாங்களேன்னு மூணு மாசமா ஊரையே நிறுத்திவெச்சீங்க. இப்ப திருடன் இல்லன்னு காட்ட வழி கிடைச்சிருக்கு. அதுவும் வேணாம்னா என்னதான் வேணும் மாமா உங்களுக்கு?"

"ஆலயத்துக் கல்லுல இருக்கற பேருடா அது. ஒரு பக்கம் திருடன், இன்னொரு பக்கம் ஓடைக்குக் கிடா கொடுத்தவர். எதைத் துடைச்சு எதைப் பூசிக்கச் சொல்றே?"

"அப்ப பழையபடி வரி இருந்துட்டுப் போகட்டும். கையெழுத்து போட்டுடுங்க. சனம் பாலம் வந்தா மறந்துடும்."

"சனம் மறக்கும். அனானே வீட்டுக்குத் தெரியுமே. நாம மறைக்கறதை அவங்களா காவல் காக்கணும்?"

அட்டா எழுந்து போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை தாய்மாமாவுக்கு மூளை கலங்கிவிட்டது. மூன்றாம் நாள் பெர்கோ காரணத்தை வெள்ளைத்தாளில் தன் கையாலேயே எழுதினார். அவர் எழுத்து அச்சுப்போல இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் தடவையைவிட அதிகக் கூட்டம். போதகரும் வந்திருந்தார். பெர்கோ நடு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"கம்பி எங்கன்னு கேட்டீங்க. நீங்க நடக்கற தளத்துல இருக்கு, ரெண்டு மடங்கா. பொறியாளர் அம்மா கருவி வெச்சு எண்ணியிருக்காங்க. தூணுல இல்லாததுக்குக் காரணம், தண்ணிக்குள்ள இரும்பு ஆகாதுன்னு ஓடைக்கு இருக்கற விலக்கு. எங்க மாமா அனானேயோட அப்பா வீட்டுக்குப் போய், கிடா கொடுத்து, வாக்குக் கொடுத்தார். போன கூட்டத்துல நான் வேற மாதிரி சொன்னேன். அது தப்பு. புதுத் தூண் இறங்கறதுக்கு முன்னால அதே வாசலுக்கு நான் போவேன்."

கிழங்கு விற்கும் பெண் எழுந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"அப்ப இவ்வளவு நாளா அந்தக் கம்பிமேலதான் நான் மூட்டையோட நடந்தேனா" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். டன்சோ அங்கேயே பேனாவை நீட்டினாள். நான்காம் பக்கத்தில் புது வரி இப்படி இருந்தது: "உள்ளூர் வழக்கத்தின்படி, தூண்களின் அடிப்பகுதியில் கம்பிக்குப் பதிலாக வலுவான மரம் பயன்படுத்தப்பட்டது, இன்றைய பாரத்துக்கு அது போதாது." பெர்கோ இரண்டு தடவை படித்தார். 'வலுவான' என்ற சொல்லை யார் சேர்த்தார்கள் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு அடிக்கும் கையெழுத்து போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை செருப்பைக் கழற்றிவிட்டு, துணியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடைக்கரையில் நின்றார். கிடா அடங்கவே இல்லை. இரண்டு தடவை சேற்றுக்குள் இழுத்துவிட்டது. அனானே ஷ்னாப்ஸை ஊற்றி ஓடையிடம் நீளமாக ஏதேதோ முறையிட்டார், அதில் பறைச் சத்தம் பற்றிய புகாரும் ஒன்று. பாலத்தின் கைப்பிடியெங்கும் தலைகள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மூப்பர் குழு கூடிவிட்டது. போதகரும் ஐந்து மூப்பர்களும். எல்லாரும் பெர்கோவைவிட இளையவர்கள். அதில் மூன்று பேருக்குத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

போதகர் தொண்டையைச் செருமினார். "ஐயா, இதைச் சுலபமா முடிச்சுடலாம்னு பாக்கறோம். நிலத்துக்காரர்ங்கற முறையில நீங்க அங்க நின்னீங்க. சடங்குல சேரல. கயிறை வேற யாரோ பிடிச்சிருந்தாங்க. அப்படி எழுதிட்டா போதும். எந்த நடவடிக்கையும் தேவையில்ல."

"கைப்பிடியில நின்னு நூறு பேர் பாத்தாங்களே."

"அவங்க யாரும் குழுவுல இல்லையே ஐயா" என்றார் ஒரு மூப்பர், மெதுவாக.

பெர்கோவுக்குச் சலிப்பாக இருந்தது. மூன்று மாதமாக ஒரு வரிக்காக அலைந்தாயிற்று. இப்போது இவர்கள் இன்னொரு வரியைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள், அதுவும் அன்போடு. தான் கயிறைப் பிடிக்கவில்லை என்று இங்கே எழுதினால், அங்கே எழுதியதற்கு என்ன மரியாதை? நாளைக்கு ஒருவன் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவர்கள் சொல்வதில் எது நிஜம் என்று கேட்கமாட்டானா? அப்புறம் கம்பி மறுபடியும் மாடிக்கு ஏறிவிடும்.

"கயிறு என் கையிலதான் இருந்துச்சு. எழுதிக்குங்க."

"அப்ப விதிப்படி ஆறு மாசம் திருவிருந்துல அப்பம் கிடையாது ஐயா. மூப்பர் நாற்காலியும் கிடையாது. பின்பெஞ்சுலதான் உக்காரணும்."

"பின்பெஞ்சுல சாஞ்சுக்கப் பலகை இருக்கா?"

"இல்லைங்க."

"நான் என்னிக்கும் சாஞ்சு உக்காந்ததில்ல. மேல எழுதுங்க."

குழுவின் செயலாளர் எழுதினார். எழுதி முடித்ததும் வழக்கப்படி படித்துக்காட்டினார். சபையின் மூத்த மூப்பர், செவ்வாய்க்கிழமை, அசுபென் ஓடைக்கரையில், ஓர் ஆட்டின் கயிற்றைத் தன் கையில் பிடித்து நின்றதாக ஒப்புக்கொண்டார். கையெழுத்துக்காக ஏடு அவர்முன் வந்தது. பெர்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஆடுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க ஐயா."

"வெள்ளாடுன்னு நினைச்சுக்குவாங்க. நாங்க கொண்டுபோனது செம்மறிக் கிடா. முழு வெள்ளை, கொம்பு வளைஞ்சது. எங்க குடும்பம் வெள்ளாட்டைப் பிடிச்சுட்டு யார் வாசலுக்கும் போனதில்ல. திருத்துங்க, அப்புறம் கையெழுத்து போடறேன்."

செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். செயலாளர் ஆட்டை அடித்துவிட்டு மேலே எழுதத் தொடங்கினார். பெர்கோ பேனாவை மூடாமல் காத்திருந்தார்.